ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும்

கணினிக்கு நிரல் எழுதுகிறவருக்குக் கைதட்டு விழும். அந்த நிரலைச் சோதிக்க இன்னொரு நிரல் எழுதுகிறவளை, பிழை வந்த நாளில் மட்டும்தான் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இதை வாசிப்பவர்களில் அப்படிக் கூப்பிடப்பட்டவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், பயப்படும்படி ஒன்றும் இல்லை.

சமாதான காலம் என்று நாங்கள் இன்னமும் சொல்லும் அந்தச் சில வருடங்களில், கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரம், ஒரு ரயர்க் கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மூன்று கணினி, மூன்று பேர், சத்தம் போடும் ஒரு ஜெனரேட்டர். நோர்வேயில் பதின்மூன்று வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்த ரவி அண்ணைதான் அதைத் தொடங்கியவர். முல்லைத்தீவில் பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வயதில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டி வந்து, புத்தளத்தில் வளர்ந்து, சண்டை நின்று பாதை திறந்ததும் ஊர் பார்க்க வந்தவர் நிசார். பார்க்க வந்தவர் எங்களோடு நின்றுவிட்டார். ஸ்கந்தபுரத்தில் இருந்து பாதித் தூரம் சைக்கிளிலும் மீதித் தூரம் பஸ்ஸிலுமாக வந்துபோன நான், மேகலா, மூன்றாவது ஆள்.

நாங்கள் செய்தது ஒரு பதிவேட்டு நிரல். நூலகத்துக்குப் புத்தகம், கிளினிக்குக்குக் குழந்தைகள், பள்ளிக்கூடத்துக்கு வரவு என்று கேட்பவருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்போம். அதற்குச் சோதனை எழுதுவது என் வேலை. சோதனைகளை வரிசையாக ஓட்டும் சட்டகம் ஒன்றை ரவி அண்ணை சீடியில் கொண்டுவந்திருந்தார். அந்தச் சட்டகம் நாலு இடத்தில் எங்களைக் கூப்பிடும். எல்லாச் சோதனைக்கும் முதல் ஒருக்கால், அதாவது ஒரு தடவை, ஒவ்வொரு சோதனைக்கும் முதல் ஒருக்கால், அது முடிந்தவுடன் ஒருக்கால், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒருக்கால். முன்னுக்குக் கூப்பிடும்போது தேவையானதை எடுத்து வைக்க வேண்டும், பின்னுக்குக் கூப்பிடும்போது துடைத்துத் துப்புரவாக்க வேண்டும். அந்த வேலைகளைச் சட்டகத்தில் கொழுவிவிட நாங்கள் எழுதிய துண்டுகளுக்கு நீட்சி என்று பெயர் வைத்தோம். என் வாழ்க்கையில் நடந்த அவமானங்களில் பெரும்பங்கு அந்த நாலு இடத்துக்குள்தான் நடந்தது.

தனியே நல்ல பிள்ளைகள்

வேலைக்குச் சேர்ந்து நான் முதலில் எழுதியவை இரண்டு சோதனைகள். ஒன்று, நூலகத்தில் ஒரு புத்தகத்தைச் சேர்த்துப் பார்ப்பது. மற்றது, நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று எண்ணிப் பார்ப்பது. தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் பச்சை. சேர்த்து ஓட்டினால் இரண்டாவது சிவப்பு. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் பிழை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூன்று நாள் நானும் அந்தச் சிவப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கணினிதான் பழுது என்று நினைத்து நிசாரின் கணினியில் ஓட்டினேன். அங்கேயும் சிவப்பு.

மூன்றாம் நாள் மத்தியானம் நிசார் சோற்றுப் பார்சலைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பி வந்து, சோதனைகளின் வரிசையை மாற்றி ஓட்டினார். இரண்டும் பச்சை. முதல் சோதனை சேர்த்த புத்தகத்தை ஒருவரும் திருப்பி எடுக்கவில்லை. அதனால் எண்ணுகிற சோதனைக்கு ஒன்று கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. "முடிந்தவுடன் ஒருக்கால்" என்ற இடத்தில் எழுதப்பட வேண்டிய துடைக்கும் வேலை எழுதப்படவே இல்லை. அந்தப் பகுதி என்னுடையது அல்ல, ரவி அண்ணை எழுதி எனக்குத் தந்த அடித்தளம். இரண்டு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நோர்வேயிலை இதைப் பாக்கிறதுக்கெண்டு தனியா ஒராளை வைச்சிருந்தவங்கள். அந்த ஆளுக்கு ஏன் என்னைக் கண்ணிலையும் காட்டேலாது எண்டு இப்பத்தான் விளங்குது."

இஞ்சை கோல் வருமோ?

இப்படிச் சட்டகம் எங்களைத் தானாகக் கூப்பிடுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரைத் தமிழ் எழுத்தில் "கோல்பாக்" என்று எழுதுவோம். ஒரு நாள் நாங்கள் மும்முரமாக அதில் இறங்கியிருந்தபோது, நிசார் ஒரு தாளில் "கோல்பாக் வேலை நடக்கிறது, கதவைத் தட்டிவிட்டு வரவும்" என்று எழுதிக் கதவில் ஒட்டியிருந்தார். எங்கள் ஊரில் கோல் என்றால் தொலைபேசி அழைப்பு என்பதையும், பக்கத்துக் கட்டடத்தில் ஒரு தொலைபேசி நிலையம் இருந்ததையும் அவர் யோசிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இன்ன நாள் இன்ன நேரம் எடுப்பம் என்று சொல்லிவிட, தாய் தகப்பன் வந்து காத்திருந்து கதைத்துவிட்டுப் போகும் காலம் அது.

கதவைத் தட்டிவிட்டு ஒரு அம்மா குடையோடு உள்ளே வந்தா. "தம்பி, இஞ்சை கோல் வருமோ?" என்று கேட்டா. நிசார் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல், "ஓம், வரும். இருங்க" என்றார். யாரோ வாடிக்கையாளர் எங்கள் வேலையைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்தாராம். அம்மா கதிரையில் இருந்தா. நான் தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனபிறகு, "சுவிசிலை இப்ப என்ன நேரம் பிள்ளை?" என்று கேட்டா. அப்போதுதான் எனக்குக் கதவில் ஒட்டிய தாள் நினைவுக்கு வந்தது. அவவைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு ஓடினேன். மகன் இரண்டு தரம் எடுத்தானாம், ஆள் வரவில்லை என்று அங்கே நின்றவர்கள் சொல்லி வைத்துவிட்டார்களாம்.

பக்கத்தில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலத்தில் மகன் மூன்றாம் தரம் எடுத்தான். கதைத்து முடித்துவிட்டு அந்த அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் எங்கள் மாடிப்படி ஏறி வந்தா. ஏச்சு விழப்போகிறது என்று நானும் நிசாரும் எழும்பி நின்றோம். "ஏன் பிள்ளையள் எழும்பி நிக்கிறியள்? மற்ற நாளிலை மூண்டு நிமிசம் கதைச்சிட்டு வைச்சிடுவான். இண்டைக்கு என்னைக் காணேல்லை எண்டு பயந்துபோய்ப் பத்து நிமிசம் கதைச்சவன்."

பச்சை மாதம்

ஒரு மாதம் முழுக்க எங்கள் சோதனைகள் எல்லாம் பச்சை. எதை மாற்றினாலும் பச்சை. ரவி அண்ணை எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். நான் இரண்டு சாப்பிட்டேன். அதே கிழமை நூலகர் தருமலிங்கம் ஐயாவிடம் புதுப் பதிப்பைக் கொண்டுபோய்ப் போட்டோம்.

நடந்தது இதுதான். சோதனை இடையில் விழுந்தாலும் துடைக்கும் வேலை நிற்கக் கூடாது என்று நிசார் ஒரு நீட்சி எழுதியிருந்தார். சோதனைக்குள் எழும் பிழையை அது கையில் ஏந்திக்கொள்ளும், துடைக்கும், பிறகு அந்தப் பிழையைச் சட்டகத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் அந்த ஒரு வரியை எழுத மறந்துபோனார். வந்த பிழையை எல்லாம் நீட்சி விழுங்கிக்கொண்டிருக்க, பிழையே இல்லை என்று சட்டகம் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. அப்படித் தப்பிய பிழை ஒன்றால், நூலகத்தில் ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால், நிரல் அதை இன்னொரு தரம் எடுத்ததாகப் பதிந்திருக்கிறது. தருமலிங்கம் ஐயா நேரில் வந்தார். கோபப்படவில்லை, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்: "ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருத்தர் தச்சுவேலைப் புத்தகம் ஒண்டைப் பதினொரு தரம் எடுத்திருக்கிறார் எண்டு காட்டுது. உங்கடை கணக்குப்படி இந்த ஊரிலை வாசிப்புப் பழக்கம் நல்லா வளந்திட்டுது."

யார் முதலில் வெளியே

இரண்டு நீட்சிகள் இருந்தால், எது முதலில் உள்ளே போகிறதோ அது கடைசியாகத்தான் வெளியே வர வேண்டும். என் நீட்சி நடப்பதை எல்லாம் எழுதி வைக்கும் கோப்பைத் திறக்கும். நிசாருடையது பதிவுகள் எல்லாம் இருக்கும் தரவுத்தளத்தைத் திறக்கும். வெளியே வரும்போதும் என்னுடையதுதான் முந்திக்கொண்டு கோப்பை மூடியது. தரவுத்தளம் ஏதாவது முறையிட்டால் எழுதி வைக்க இடம் இல்லை. இதில் யாருடைய பிழை என்று நானும் நிசாரும் போட்ட சத்தத்துக்குக் கீழே ரயர்க் கடை ஞானம் அண்ணை மேலே வந்துவிட்டார். என்னவாம் என்று கேட்டார். ரவி அண்ணை கையை ஆட்டி ஆட்டி ஐந்து நிமிடம் விளக்கினார். ஞானம் அண்ணை கதவு நிலையில் சாய்ந்து பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரயரைக் கழட்டாமல் ரியூப்பை எடுக்க வெளிக்கிட்டு, பேந்து ரியூப்போடை சண்டை பிடிக்கிற படிச்ச ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

பவளம் மிஸ்ஸியின் குழந்தைகள்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. எங்கள் ஊருக்கு அங்கால் ஒரு சின்னக் கிளினிக். அங்கே தாதியாக இருந்தவ பவளம் மிஸ்ஸி. கூரை ஒழுகிப் பழைய தடுப்பூசிப் பதிவேடு நனைந்துபோனதால், வாசிக்கக்கூடிய பக்கங்களைப் பார்த்துப் பார்த்து மூன்று கிழமையாக எங்கள் நிரலில் ஏற்றியிருந்தா. நூற்றெண்பதுக்குக் கிட்டக் குழந்தைகள். எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி போட்டாச்சு, அடுத்தது எப்போது என்று எல்லாம் அதற்குள். நான் புதுப் பதிப்பைப் போடப் போனேன். போட்டுவிட்டு, "மிஸ்ஸி, இது சரியா வேலை செய்யுதெண்டு இப்ப உங்களுக்கு முன்னாலையே காட்டுறன்" என்று சோதனைகளை ஓட்டினேன். பெருமைதான், வேறென்ன. எல்லாம் பச்சை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒருக்கால் கூப்பிடும் இடத்தில் நான் எழுதி வைத்திருந்தது, அட்டவணைகளை முழுதாகத் துடைக்கும் வேலை. அலுவலகத்தில் அது சோதனைக்கான தரவுத்தளத்தைத் துடைக்கும். கிளினிக்கில் இருந்தது ஒரே ஒரு தரவுத்தளம். நாலு செக்கன். குழந்தைகள்: பூச்சியம்.

பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. அடுத்த கிழமை எடுப்பதாக இருந்தோம். மிஸ்ஸி திரையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னா. "ஊசிக் காட் தாய்மாரிட்டை இருக்கும். சைக்கிள் இருக்குதோ?" என்று மட்டும் கேட்டா. ஒன்பது நாள் அவவும் நானும் வாய்க்கால் கட்டு வழியாக வீடு வீடாகப் போனோம். அலுமாரிக்குள் சேலை மடிப்பில் இருந்து ஒருத்தி அந்த ஊசி அட்டையை எடுத்தாள். பிஸ்கட் ரின்னுக்குள், காணி உறுதியோடு சுருட்டி இருந்ததை இன்னொருத்தி எடுத்துத் தந்தாள். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவள் ஒருத்தி, காட் எடுக்க வீட்டுக்குப் போகாமல், நின்ற நிலையில் மூன்று பிள்ளைகளின் ஊசித் திகதிகளையும் ஒப்புவித்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஒரு நாள்கூடப் பிசகவில்லை.

அந்த ஒன்பது நாளில், நனைந்த பதிவேட்டிலும் இல்லாத, எங்கள் நிரலிலும் இல்லாத நாலு குழந்தைகளைக் கண்டுபிடித்தோம். ஒரு குழந்தைக்கு ஒரு ஊசியும் போட்டிருக்கவில்லை. மிஸ்ஸி அந்த வீட்டு முற்றத்திலேயே நின்று அடுத்த கிளினிக் நாளைத் தாயிடம் இரண்டு தரம் சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்தா. அலுவலகம் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, சோதனை தொடங்க முதல் தரவுத்தளத்தின் பெயரைப் பார்த்து, சோதனைக்கானது இல்லை என்றால் ஓட மறுக்கும் ஒரு நீட்சியை எழுதியது. அதைப் போட மறுபடி போனபோது மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்டேன். ஊசிக் குப்பிகளை எண்ணிக்கொண்டே சொன்னா: "உம்மடை பெட்டி நாலு செக்கனிலை மறந்ததை, இந்த ஊரிலை ஒரு தாயும் மறக்கேல்லை. அதாலை நீர் தப்பினீர்."

கமலாதேவி

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து, நிசாரின் கணினியையும் ஜெனரேட்டரையும் வான் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போனோம். ஆட்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை தந்தார்கள். கிளினிக் நிரலையே அவசரமாக மாற்றி, தப்பி வந்தவர்களின் பெயர், வயது, ஊர், இப்போது தங்கியிருக்கும் இடம் என்று பதியத் தொடங்கினோம். வேறு வேறு முகாம்களில் இருந்து வந்த துண்டுத் தாள்களையும் பார்த்து ஏற்றினோம். மாலையில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். ஒட்டி முடிக்க முதலே ஆட்கள் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை ஒருவர் மேசைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும், கடற்தொழில் செய்பவர், பெயர் சின்னராசா. உடையார்கட்டில் சொந்தக்காரர் வீட்டில் நின்றுகொண்டு, சைக்கிளில் ஒவ்வொரு முகாமாகத் தங்கச்சியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சுவரில் பெயரைக் கண்டிருக்கிறார். "கமலாதேவி, முப்பத்திரண்டு வயது, முல்லைத்தீவு எண்டு கிடக்குது. எங்கை நிக்கிறா எண்டு மட்டும் எழுதேல்லை. இடத்தைச் சொல்லுங்கோ பிள்ளை, நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார். வரும் வழியில் அழுதிருக்கிறார், முகத்தில் உப்புக் காய்ந்திருந்தது. ஆனால் சிரித்தார். நான் பதிவை எடுத்தேன். இலக்கம் ஒன்பதில் தொடங்கியது. சோதனைக்காக நான் உருவாக்கும் ஆட்களுக்கு மட்டும்தான் ஒன்பதில் தொடங்கும் இலக்கம் கொடுப்பேன். சில மாதத்துக்கு முதல் எழுதிய சோதனை ஒன்றில், முன்னுக்குக் கூப்பிடும்போது அந்தப் பெண்ணை உருவாக்கிவிட்டு வேறு ஒரு வேலையும் செய்ய வேண்டும். அந்த இரண்டாவது வேலை விழுந்திருக்கிறது. ஆயத்தமே முடியாவிட்டால் சட்டகம் சோதனை தொடங்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். துடைக்கிற இடத்தைக் கூப்பிடாது. கிளினிக்கில் நடந்ததற்குப் பிறகு கடைசியில் முழுதாகத் துடைக்கும் வேலையையும் நான் எடுத்திருந்தேன். அப்படி அவள் நிசாரின் கணினியில் சோதனைக்கான தரவுத்தளத்தில் தங்கிவிட்டாள், அவசரத்தில் நாங்கள் ஆட்களைப் பதிந்ததும் அதற்குள்தான். நிசாரின் ஊர் என்பதால்தான் முல்லைத்தீவு என்று போட்டிருந்தேன்.

நிசார் திரையைப் பார்த்து விளங்கிக்கொண்டு, "நான் சொல்றன், நீங்க வெளிய போங்க" என்று மெல்லச் சொன்னார். நான் போகவில்லை. "அண்ணை, அப்பிடி ஒராள் இல்லை" என்றேன். "பிழையா எழுதிப்போட்டியளோ? வேறை ஊரோ?" என்று கேட்டார். "இல்லை அண்ணை. இது சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்க நான் கற்பனையா வைச்ச பேர்." அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியதும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாங்குப் பலகையில் இருந்தார். யாரோ கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். நான் சுவருக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்தேன். திரும்பி வந்தபோது, காணாமல் தேடப்படுகிறவர்களின் பட்டியலில் தங்கச்சியைப் பதியும்படி கேட்டார். அவர் சொல்லச் சொல்ல, அதே பெயரை இரண்டாம் முறை தட்டினேன். வயது முப்பத்திநாலு. இடது புருவத்தில் ஒரு தழும்பு. நாங்கள் அங்கே இருந்த மூன்று கிழமையும் அந்தப் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருந்தது. பிறகும் செய்தி ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து நான் சோதனைக்கு உருவாக்கும் ஆட்களின் பெயர் சோதனை ஒன்று, சோதனை இரண்டுதான். அன்று காலை சின்னராசா அண்ணை சைக்கிளை எடுக்கப் போனவர், என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இல்லாத ஆக்களுக்குப் பேர் வைக்கிறதெண்டால், பிள்ளை, ஒருத்தரும் தேடி வராத பேராப் பாத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாதியில் நின்ற சோதனை

சண்டை மறுபடி தொடங்கிப் பாதை பூட்டியபோது நிசார் தங்கச்சியின் கலியாணத்துக்காகப் புத்தளம் போயிருந்தார். ஐந்து நாள் லீவு. ரவி அண்ணை அதற்கு முதலே மகளின் படிப்புக்காக நோர்வேக்குத் திரும்பிவிட்டார். மேல்மாடியில் நான் மட்டும். நிசாரின் கணினியில் ஒரு சோதனை பாதியில் நின்றது. ஒரு குழந்தை ஒரு கிளினிக்கில் இருந்து இன்னொரு கிளினிக்குக்கு மாறினால் அதன் பதிவும் கூடவே போகிறதா என்று பார்க்கிற சோதனை. முன்னுக்குச் செய்ய வேண்டியதை வடிவாக எழுதியிருந்தார். பின்னுக்குச் செய்ய வேண்டிய இடத்தில் "வந்து எழுதுறன்" என்று ஒரு குறிப்பு மட்டும். ஒவ்வொரு தரம் ஓட்டும்போதும் அந்த ஒன்று சிவப்பாக நிற்கும். முடித்துவிட எனக்குப் பத்து நிமிடம்கூடத் தேவைப்பட்டிருக்காது. முடிக்கவில்லை. இரண்டு வருடம் அந்த ஒரு சிவப்போடுதான் வேலை செய்தேன். பிறகு கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது கணினிகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி உடையார்கட்டு வரை கொண்டுபோனேன். அதற்கு அங்கால் கணினியைப் பற்றி யோசிக்கும் நிலையில் ஒருவரும் இருக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், வவுனியாவில் முகாமில் நானும் அம்மாவும் இருந்தபோது, ஒரு நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் நிசார் நின்றார். மெலிந்து, தாடி வைத்திருந்தார். சவர்க்காரம், பால்மா, இரண்டு சோடி செருப்பு என்று ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். மூன்று நாளாகப் பட்டியல் பட்டியலாகப் பார்த்து என் பெயரைக் கண்டுபிடித்தாராம். பத்து நிமிடம்தான் கதைக்கலாம். "அம்மா?" என்றார். "இருக்கிறா" என்றேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று, "உங்கடை அந்தச் சோதனை கடைசி வரைக்கும் சிவப்பாத்தான் கிடந்தது. நான் தொடேல்லை" என்றேன். அவர் முகத்தைத் திருப்பி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நல்லது மேகலா. தொட்டிருந்தீங்கெண்டா, நான் வரமாட்டன் எண்டு நீங்க முடிவெடுத்திட்டீங்க எண்டெல்லோ அர்த்தம்."

இன்றைய சட்டகங்களில் முன்னும் பின்னும் இடையிலும் கூப்பிடுவதற்கு எத்தனையோ வசதிகள் வந்துவிட்டன, ஆனால் பிழை எங்கே வரப்போகிறது என்று முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லும் வசதியை மட்டும் எவரும் இன்னும் செய்யவில்லை என்பதால், அந்த வேலையை வழக்கம்போல வாடிக்கையாளர்தான் பார்த்துக்கொள்கிறார்.